பின்வேலிக் கொடியைப் பிடுங்கினேன், கை முழுக்கக் கொப்புளம் - இது பாய்சன் ஐவிதானா?

கொல்லைத்தோட்டம் | எடிசன், நியூ ஜெர்சி | ஜூன் 5, இரவு 11:40

வீடு வாங்கி இது மூணாவது கோடை. போன சனிக்கிழமை பின்வேலி ஓரமா மண்டிக் கிடந்த கொடியை எல்லாம் பிடுங்கி மூட்டை கட்டினேன். அரைக்கை சட்டை, வெறுங்கை. புத்தி அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில இடது முன்கையில கோடு கோடா சிவந்திருந்தது, யாரோ பிரம்பால இழுத்த மாதிரி. இன்னைக்கு அந்தக் கோடெல்லாம் நீர்க்கொப்புளம். கழுத்துலயும் வயித்துலயும் புதுசா வருது, கணுக்காலைச் சுத்தி ஒரு வளையம் வேற. ராத்திரி தூக்கமே இல்லை.

ஊர்ல இருந்து அம்மா வந்திருக்காங்க. அன்னைக்குக் கூடவே நின்னு நாலு இலையைக் கிள்ளி மோந்து பார்த்து, "என்னடா, வில்வம் மாதிரியே இருக்கு, பிரதோஷத்துக்கு ஆகுமா?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு ஒண்ணுமே ஆகலை. எனக்குச் சூட்டு உடம்பாம். வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

தொட்டாலே கொப்புளம் வரும்கிறாங்களே, அந்த பாய்சன் ஐவிக் கொடிதானா இது? சொறிஞ்சா பரவுமா? ஆறு வயசுப் பொண்ணு இருக்கா, அவளுக்கு ஒட்டுமா?

மலையேறி | பென்சில்வேனியா | ஜூன் 6, காலை 6:15

படமே தேவையில்லை. கோடு கோடா வந்தா அது இலையோ தண்டோ உரசின தடம். பாய்சன் ஐவிக்கே உள்ள கையெழுத்து அது.

உங்க அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு காம்புக்கு மூணு இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம், பார்த்த பார்வைக்கு வில்வமேதான். வில்வத்துல முள் இருக்கும், இதுல இருக்கவே இருக்காது. பக்கத்து ரெண்டு இலையும் ஒழுங்கா இருக்காது, ஒரு பக்கம் புடைச்சு, கட்டைவிரல் நீட்டின கையுறை மாதிரி இருக்கும். வசந்தத்துல தளிர் செம்பு நிறத்துல பளபளக்கும், கோடையில பச்சை, இலையுதிர் காலத்துல நல்ல சிவப்பு. ஊர்ல இருந்து இலை பார்க்க வர்றவங்க அந்தச் சிவப்பைப் பறிச்சு வெச்சுக்கிட்டு போட்டோ எடுக்கிறதை டெலாவேர் வாட்டர் கேப் பக்கம் என் கண்ணாலயே பார்த்திருக்கேன். பதறிப் போச்சு.

அஞ்சு இலை இருந்தா வர்ஜினியா கிரீப்பர், வேற கொடி. மூணு இலையோட எதிரெதிரா கிளை விட்டா பாக்ஸ் எல்டர் கன்று. பாய்சன் ஐவியில ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தித்தான் இலை வரும். மரத்துல ஏறின பழைய கொடி கயிறு மாதிரி தடிச்சு உடம்பெல்லாம் பழுப்பு மயிரா இருக்கும். கரடிக்கால் மாதிரின்னு வெச்சுக்கோங்க. இங்கே பிள்ளைகளுக்கு ஒரு பாட்டே சொல்லித் தருவாங்க. என் பசங்களுக்கு நான் தமிழ்ல சொல்றது: மூவிலை கண்டால் மூணடி தள்ளு.

மருந்துக்கடை | ஜூன் 6, காலை 7:50

நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. அதை மனசில் வைத்துப் படியுங்கள்.

இந்தச் செடியின் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் உருஷியால் என்று ஒரு பிசின் எண்ணெய் இருக்கிறது. ஜப்பானில் மரச்சாமான்களுக்குப் பூசும் அரக்கு மெருகுக்கு உருஷி என்று பெயர். அதிலிருந்து வந்த சொல். அந்த மெருகு எடுக்கும் மரமும் இதே இனம்தான். செடி உங்களைச் சுடுவதில்லை, எரிப்பதில்லை. எண்ணெய் தோலில் ஊறிப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியனாக நினைத்துத் தாக்குகிறது. கொப்புளம் அந்தச் சண்டையின் விளைவு.

அதனால் உங்கள் மகளுக்கு உங்கள் கொப்புளத்திலிருந்து ஒட்டாது. உள்ளே இருக்கும் நீரில் உருஷியால் கிடையாது, உடைந்து வழிந்தாலும் பரவாது. தினமும் புது இடத்தில் வருவது பரவல் போலத்தான் தெரியும். எண்ணெய் அதிகம் பட்ட இடத்திலும், தோல் மெலிந்த இடத்திலும் முதலில் வரும், மற்ற இடங்களில் நாலைந்து நாள் கழித்து வரும். ஆனால் கையுறை, கத்தரி, செருப்பு, நாயின் ரோமம் இவற்றில் எண்ணெய் ஒட்டியிருந்தால் அதுவே மறுபடி மறுபடி தோலில் ஏறும். வருடக்கணக்கில் வீரியம் போகாது. மகளைக் காப்பாற்ற வேண்டியது உங்கள் கையிடமிருந்து அல்ல, கராஜில் கிடக்கும் உங்கள் கருவிகளிடமிருந்து.

அம்மா விஷயம் சுவாரசியமானது. முதல்முறை தொடுகிறவருக்கு உடம்பு இதை அடையாளம் கண்டுகொள்ளவே 10 முதல் 21 நாள் ஆகலாம். உங்களுக்கு இரண்டு நாளில் வந்ததென்றால் முன்னமே ஒருமுறை பட்டிருக்கிறது. போன கோடையில் வேர்க்குரு என்று எதையாவது விட்டுவிட்டீர்களா? அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இப்போதே சொல்லாதீர்கள்.

பண்ருட்டிக்காரி | டல்லாஸ் | ஜூன் 6, மதியம் 1:05

உங்க சட்டையில கறுப்புக் கறை இருக்கான்னு பாருங்க. துவைச்சாலும் போகாத கறை.

ஏன் கேக்குறேன்னா, எங்க வீட்டுல பச்சை முந்திரிக்கொட்டை உடைப்பாங்க. அத்தை, பெரியம்மா எல்லாரும் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பாங்க, அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிஞ்சு கிடக்கும். ஓட்டுல இருக்கிற பால் உதட்டுல பட்டா ஒரு வாரம் வாய் வீங்கும். பருப்புல ஒண்ணும் கிடையாது, வினை எல்லாம் ஓட்டுலதான். அமெரிக்கா வந்து முதல் வருஷம் பாய்சன் ஐவி பட்டு கையில கறுப்புப் புள்ளி விழுந்ததைப் பார்த்ததுமே, இது நம்ம முந்திரிப்பாலாச்சேன்னு தோணிச்சு. அப்புறம் படிச்சுப் பார்த்தா ரெண்டும் ஒரே குடும்பம். மா, முந்திரி, சேராங்கொட்டை, பாய்சன் ஐவி, எல்லாம் பங்காளிகள்.

1982ல பென்சில்வேனியாவுல சின்னப் பசங்க பேஸ்பால் குழு ஒண்ணு நிதி திரட்ட முந்திரி வித்திருக்கு. பருப்போட ஓட்டுத் துணுக்கு கலந்திருந்ததுல 54 பேருக்கு பாய்சன் ஐவி மாதிரியே தடிப்பு.

நாஞ்சில் | ஜூன் 6, மதியம் 3:30

சேராங்கொட்டைன்னு சொன்னதும் ஓடி வந்தேன். அந்தக் காலத்துல துணி வெளுக்குறவங்க யார் வீட்டுத் துணின்னு தெரிய அந்தக் கொட்டைச் சாறுலதான் குறி போடுவாங்க, சாயம் போகாது. இரண்டாம் உலகப் போர்ல இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கழுத்துப் பட்டையில குறி போட்ட இடத்துலயே தடிச்சு, டாக்டர்மார் அதுக்கு ஒரு பேரே வச்சாங்க.

எங்க மலைப்பக்கம் சேரு மரம்ணு இன்னொண்ணு உண்டு. அடியில நின்னாலே வீங்கும்பாங்க. வீங்கினா மருந்து என்ன தெரியுமா? தான்றி மரத்தைச் சுத்தி வந்து, சேரு செஞ்சதைத் தான்றி தீர்க்கட்டும்ணு சொல்லணும். பாட்டி என்னையும் சுத்த விட்டிருக்கா. ரெண்டு வாரத்துல சரியாச்சு. சுத்தாட்டாலும் ரெண்டு வாரத்துல சரியாகியிருக்கும்ணு இப்போ புரியுது. ஆனா மரத்தைச் சுத்துறதுல ஒரு நல்லது, அந்த நேரத்துல கண்டதைப் பூச மாட்டோம்.

கைவைத்தியம் | ஜூன் 6, மாலை 5:10

இத்தனை பேர் பேசுறீங்க, ஒருத்தர்கூட மருந்து சொல்லலை. வேப்பிலை, மஞ்சள், நல்லெண்ணெய் மூணும் சேர்த்துச் சூடா பூசுங்க. எங்க வீட்டுல அம்மைக்கே அதுதான். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்தினா அரிப்பு பறந்துடும், நான் பண்ணியிருக்கேன்.

மருந்துக்கடை | ஜூன் 6, இரவு 8:20

@கைவைத்தியம், கோபிக்க வேண்டாம். வெந்நீர் ஊற்றினால் கொஞ்ச நேரம் அரிப்பு மரத்துப்போவது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே புண்ணான தோல் வெந்துபோகும், அப்படி வெந்துபோய் வந்தவர்களை எங்கள் கவுன்டரில் பார்த்திருக்கிறேன். எண்ணெய் அதைவிட மோசம், தோலில் உருஷியால் மிச்சமிருந்தால் கரைத்து இன்னும் அகலமாகத் தடவிவிடும். மஞ்சளும் வேப்பிலையும் சிலருக்குத் தனியாகவே ஒவ்வாமை கொடுக்கும். உடைந்த கொப்புளத்தில் அரைத்த விழுதைப் பூசினால் கிருமியும் சேரும்.

வேலை செய்வது இவ்வளவுதான். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒருநாளைக்கு நாலைந்து முறை கால் மணி நேரம் போடுங்கள். காலமைன் தடவலாம். பொடித்த ஓட்ஸ் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருங்கள். கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஒரு சதவீத ஹைட்ரோகார்டிசோன் என்ற லேசான ஸ்டீராய்டு களிம்பு, கொப்புளம் வந்த பிறகு பெரிதாக உதவாது. கொப்புளம் வருமுன், லேசாகச் சிவந்திருக்கும்போது கொஞ்சம் பிரயோஜனம். அரிப்புக்கு பெனட்ரில் என்ற ஒவ்வாமை மாத்திரை போட்டால் தூக்கம் வரும், அரிப்பே போகாது, தூங்கினால் சொறியமாட்டீர்கள் என்பதுதான் லாபம். அதே பெனட்ரில் களிம்பாகவோ, மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் களிம்பாகவோ பூசாதீர்கள். அவையே தோலுக்கு இன்னொரு ஒவ்வாமையாகலாம்.

முகம், கண், பிறப்புறுப்பு, அல்லது உடம்பில் கால்வாசிக்கு மேல் வந்தால், சீழ், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் 911.

ஸ்கார்பரோ வாசி | ஜூன் 7, காலை 9:00

நான் ரூஜ் பூங்காவுக்குக் கிட்ட இருக்கிறன். எங்கட நாய்தான் எனக்கு இதைக் கொண்டு வந்து தந்தது. அது பாட்டுக்குப் பத்தைக்குள்ள போய்ப் புரண்டு வரும், அதுக்கு ஒண்டும் செய்யாது. நான் கட்டிப்பிடிச்சுக் கொஞ்ச, முகமெல்லாம் வீங்கி ஒரு கண் மூடிப் போச்சு. இப்ப நடந்துட்டு வந்தால் முதலில நான் கையுறை போட்டுக்கொண்டு நாய்க்குக் குளிப்பாட்டு, பிறகுதான் வீட்டுக்குள்ள.

ஒன்ராறியோவில இருக்கிறவைக்கு ஒரு விசயம்: 2023 ஜனவரியில இருந்து இப்பிடியான தோல் அழற்சிக்கு பார்மசியிலயே பாத்து மருந்து எழுதித் தரலாம். சின்னதா இருந்தால் வோக்-இன் கிளினிக்கில மூண்டு மணித்தியாலம் காயத் தேவையில்லை. என்ர மாதிரி முகத்தில வந்தால் டொக்டரிட்டத்தான் போக வேணும்.

கொல்லைத்தோட்டம் | ஜூன் 7, இரவு 10:30

எல்லாருக்கும் நன்றி. சட்டையைப் பார்த்தேன் @பண்ருட்டிக்காரி, கை மடிப்புல கறுப்புக் கறை மூணு இடத்துல. உங்களுக்கு நூறு மார்க்.

நேத்து அவசர கிளினிக் போனேன். டாக்டர் அஞ்சு நிமிஷம் பார்த்து ஒரு ஸ்டீராய்டு அட்டை எழுதிக் கொடுத்தார். 21 மாத்திரை, முதல் நாள் ஆறு, அடுத்த நாள் அஞ்சுன்னு குறைச்சுக்கிட்டே வந்து ஆறு நாள்ல முடியும். ஒரே ராத்திரியில பாதி அரிப்பு போச்சு! கோயில் கட்டலாம்னு இருக்கேன்.

போன வருஷமும் ஜூலையில முழங்கையில வந்தது ஞாபகம் வருது. வேர்க்குருன்னு பவுடர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.

மருந்துக்கடை | ஜூன் 7, இரவு 11:15

கோயிலுக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை. இந்த ஒவ்வாமை இரண்டு மூன்று வாரம் ஓடும். ஆறு நாள் அட்டை முடிந்ததும் நோய் இன்னும் உள்ளேயே இருப்பதால் பலருக்குத் திரும்பக் கிளம்பும், சில சமயம் முன்னைவிடப் பலமாக. வாய்வழி ஸ்டீராய்டு தேவைப்படும் அளவுக்கு இருந்தால் பொதுவாக இரண்டு முதல் மூன்று வாரத்துக்கு மெதுவாகக் குறைத்துக்கொண்டு வரும்படிதான் தருவார்கள். நீங்களாக எதையும் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். நாளைக்கே கிளினிக்கைக் கூப்பிட்டு, இது போதுமா என்று கேளுங்கள்.

கைவைத்தியம் | ஜூன் 8, காலை 8:40

சரி, மஞ்சளை விடுறேன். வருமுன் காக்க என்ன வழி? அதையாவது உருப்படியா சொல்லுங்க.

மலையேறி | ஜூன் 8, மதியம் 12:20

கழுவுறதுதான். வேற எதுவும் அதுக்குக் கிட்ட வராது.

பலாப்பழம் அறுத்த கையை வெறும் தண்ணியில கழுவிப் பாருங்க, பிசின் சிரிக்கும். இதுவும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத பிசின். பட்ட 10 நிமிஷத்துக்குள்ள கழுவினா பாதியாவது போகும், அரை மணி போயிட்டா கொஞ்சம்தான் போகும். ஆனாலும் கழுவுங்க, நகத்தடியிலயும் ரோமத்துலயும் இருக்கிறது மத்த இடத்துக்குப் போகாம நிக்கும். பாத்திரம் கழுவுற சோப்பு, ஒரு கரடுமுரடான துணி, ஓடுற தண்ணி. நம்மாளுங்க செய்யற தப்பு, சோப்பைத் தடவி மெதுவா வழிச்சு விடறது. தேய்க்கணும். கார் ரிப்பேர் பண்ணி கிரீஸ் ஆன கையை எப்படித் தேய்ப்பீங்களோ அப்படி. தேய்ச்சு, அலசி, மறுபடியும், மறுபடியும், மூணு தடவை. எண்ணெய் போறதுக்கு முன்னாடி தொட்டியில உட்கார்ந்து ஊறாதீங்க, எண்ணெய் மிதந்து உடம்பெல்லாம் ஒட்டும்.

நான் பையில எப்பவும் ஒரு சின்ன பாட்டில் சோப்பும் பழைய பனியன் துண்டும் வெச்சிருப்பேன். மனைவி கிண்டல் பண்ணுவா. பதினோரு வருஷமா எனக்கு வரலை.

இங்கே ஜூவல்வீட் செடியைக் கசக்கிப் பூசுவாங்க. அது நம்ம காசித்தும்பைக்குத் தங்கச்சி முறை, அதே காய் வெடிப்பு. ஈரமான இடத்துல ஜூவல்வீடும் பாய்சன் ஐவியும் பக்கத்துப் பக்கத்துலயே முளைக்கும். கையில வேற ஒண்ணுமில்லைன்னா கசக்குங்க, சோப்பு இருந்தா சோப்பு.

சான் ஹோசே சோம்பேறி | ஜூன் 8, இரவு 9:45

கலிஃபோர்னியாக்காரங்க நிம்மதியா இருக்காதீங்க. இங்கே பாய்சன் ஐவி கிடையாது, அதோட அண்ணன் பாய்சன் ஓக் இருக்கு. இலை ஓக் மரத்து இலை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு, அதே மூணு. குளிர்காலத்துல இலையே இல்லாம வெறும் குச்சியா நிக்கும், அந்தக் குச்சியிலயும் எண்ணெய் உண்டு. அந்தக் குச்சியை ஒடிச்சு ஊன்றி நடந்த மேதாவி நான்தான்.

கொல்லைத்தோட்டம் | ஜூன் 14, காலை 5:50

தூக்கம் வராம எழுதறேன். மருந்துக்கடை சொன்னது அட்சரம் பிசகாம நடந்துடுச்சு. நான் கிளினிக்கைக் கூப்பிடலை, நல்லாத்தான் இருக்கேன்னு விட்டுட்டேன். செவ்வாய்க்கிழமை மாத்திரை முடிஞ்சது, வியாழன் முழுக் கையும் திரும்பப் பொங்கிடுச்சு. இப்போ வேற டாக்டர், மூணு வாரத்துக்குக் குறைச்சுக்கிட்டே வர்ற மாதிரி கொடுத்திருக்கார்.

ரெண்டாவது செய்தி, அம்மா. நேத்து ராத்திரி விரல் இடுக்குல அரிக்குதுன்னாங்க. காலையில பார்த்தா மூக்கு நுனியிலயும் மேலுதட்டுலயும் தடிப்பு. இலையை மோந்து பார்த்தாங்கன்னு சொன்னேனே, அதே இடம். 13 நாள் கழிச்சு! அவங்களுக்குச் சர்க்கரை வேற இருக்கு.

மூணாவது, என் கணுக்கால் வளையம். அது மட்டும் ஆறி ஆறி மறுபடி வருது. துணி எல்லாம் தனியா துவைச்சாச்சு, கத்தரியைக் கழுவியாச்சு. அது எங்கிருந்துதான் வருது?

மருந்துக்கடை | ஜூன் 14, காலை 7:10

அம்மாவை இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், சர்க்கரை இருப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையைத் தூக்கிவிடும், அதனால் அவருக்குக் களிம்போடு சமாளிக்கலாமா என்று பார்ப்பார்கள். உங்களுக்கு வீரியமான களிம்பு ஏதாவது எழுதியிருந்தால் அதை எடுத்து அவர் முகத்தில் பூசிவிடாதீர்கள். முகத்தோல் மெலிந்தது, அதற்கு வேறு அளவு. கொஞ்ச நாளைக்கு மாம்பழத்தைத் தோலோடு கடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். காம்புப் பாலிலும் தோலிலும் இதே குடும்பத்துச் சரக்கு இருக்கிறது, உதட்டில் இன்னும் கிளறிவிடும். தோல் சீவித் துண்டுபோட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சீவுவது வேறு யாராவதாக இருக்கட்டும்.

மலையேறி | ஜூன் 14, காலை 7:35

ஷூ லேஸ்.

கொல்லைத்தோட்டம் | ஜூன் 14, மாலை 6:20

யோவ்! தோட்டத்து ஷூவைத்தான் தினமும் குப்பைத்தொட்டி தள்ளப் போட்டுக்கிட்டுப் போறேன். லேஸ் கணுக்கால் வரைக்கும் வரும். கையுறை போட்டு உருவிக் குப்பையில போட்டாச்சு, ஷூவையும் சோப்பு போட்டுத் தேய்ச்சாச்சு. அம்மாவுக்கு லேசான களிம்பு கொடுத்திருக்காங்க. "சாமிக்குப் போட இருந்தேனே, அந்தப் பாவம்தான்"ங்கிறாங்க. இது பாவம் இல்லை, பிசின்னு அரை மணி நேரம் விளக்கினேன். ஒத்துக்கலை.

வேலியில இன்னும் வேர் இருக்கு. பிடுங்கினதையும் காயவெச்சு தோட்டத்து நெருப்புக்குழியில (ஃபயர் பிட்) போட்டுடலாமா?

பண்ருட்டிக்காரி | ஜூன் 14, மாலை 6:32

வேண்டாம்!! முந்திரி ஓட்டை எரிச்ச புகையில நின்னு கண் வீங்கின ஆள் நான். கொளுத்தவே கொளுத்தாதீங்க.

மலையேறி | ஜூன் 14, இரவு 8:00

அவங்க சொன்னதை ஆயிரம் தடவை வழிமொழியறேன். அந்த எண்ணெய் புகையோட போய்த் தொண்டையிலயும் நுரையீரல்லயும் உட்காரும், ஆஸ்பத்திரி கேஸ் ஆயிடும். பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து படுப்பார். புல்வெட்டி, ட்ரிம்மர் எதையும் அது மேல விடாதீங்க, சாறு தெறிக்கும்.

மழை பெய்ஞ்ச மறுநாள் மண் இளகியிருக்கும்போது, முழுக்கை, முழுக்கால், மேல நைட்ரைல் கையுறை, அதுக்கும் மேல நீளமான பிளாஸ்டிக் பை. பைக்குள்ள கையை விட்டு வேரோட பிடிச்சு இழுத்து, பையை அப்படியே உள்வெளியா திருப்பிச் செடி மேல கவிழ்த்துக் கட்டுங்க. நாய் நடத்துறவங்களுக்கு இந்த வித்தை தெரியும். உரக்குழியில போடாம ஊர்க் குப்பையில போடுங்க. ஒரு துண்டு வேர் விட்டாலும் துளிர்க்கும், ரெண்டு மூணு வருஷம் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

நிறைய இருந்தா ஆளைக் கூப்பிடுங்க, இல்லைன்னா ஆட்டைக் கூப்பிடுங்க. கேலி இல்லை, ஆடு இதை முறுக்கு மாதிரி தின்னும், ஒண்ணும் ஆகாது. 2016ல புரூக்ளின் பிராஸ்பெக்ட் பூங்காவுல களை தின்ன ஆடுகளைத்தான் விட்டாங்க.

நாஞ்சில் | ஜூன் 15, காலை 10:10

இன்னொரு சங்கதி. வட கரோலினாவுல டியூக் பல்கலைக்கழகக் காட்டுல காற்றுல கரியமில வாயுவைக் கூட்டி வச்சுப் பார்த்திருக்காங்க, 2006ல வெளிவந்துச்சு. கொடி வேகமா வளர்ந்தது மட்டுமில்ல, எண்ணெயும் காரம் கூடிப்போச்சாம். நம்ம பேரப்பிள்ளைங்க பாடு!

கொல்லைத்தோட்டம் | ஜூன் 29, இரவு 9:15

கடைசித் தகவல். கை உரிஞ்சு புதுத்தோல் வந்துடுச்சு, மாத்திரை இன்னும் அஞ்சு நாள். கணுக்கால் லேஸ் போன நாள்ல இருந்து சுத்தம். அம்மாவுக்கும் சரியாச்சு. இப்போ நடைக்குப் போனா தெருவுக்குத் தெரு "மூவிலைடா, மூவிலை"ன்னு கை காட்டிக்கிட்டே வர்றாங்க. பத்துக்கு எட்டு சரியாத்தான் இருக்கு.

நேத்து அவங்கதான் கண்டுபிடிச்சாங்க, பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்துல என் மணிக்கட்டு பருமனுக்கு மயிர்க்கொடி ஏறியிருக்கு, அங்கிருந்துதான் எங்க வேலிக்கு வருது. அவர்கிட்ட எப்படிப் பேச? வயசானவர், தனியா இருக்கார்.

மலையேறி | ஜூன் 29, இரவு 10:05

கையில கொப்புளம் இருந்தப்ப எடுத்த போட்டோவைக் காட்டுங்க, பேசவே வேண்டியிருக்காது. அவர் சம்மதிச்சா அடிமரத்துல ஒரு அடி நீளத்துக்குக் கொடியை ரெண்டு இடத்துல அறுத்து நடுத்துண்டை எடுத்துடுங்க. மேல இருக்கிறதை இழுக்காதீங்க, அப்படியே காய்ஞ்சு தொங்கட்டும், காய்ஞ்சாலும் தொடக்கூடாது. வெட்டின ரம்பத்தை அன்னைக்கே கழுவுங்க. லேஸையும்.

கொல்லைத்தோட்டம் | ஜூன் 30, மாலை 7:40

பேசியாச்சு. அவரே முழுக்கைச் சட்டையைச் சுருட்டி, 1970கள்ல வந்த தழும்பைக் காட்டினார். சனிக்கிழமை அறுக்கிறோம். அம்மா அவருக்கு வடை சுட்டு அனுப்பறாங்க.